எஸ்.எஸ்.எல்.சி.: தேர்ச்சி விதிகளும் விலக்குகளும்

எஸ்.எஸ்.எல்.சி. என்பது கர்நாடகத்தில் பத்தாம் வகுப்பு முடிக்கும் மாணவர்கள் எழுதும் அரசுப் பொதுத்தேர்வு. தேர்ச்சி பெற்றவருக்கு வழங்கப்படும் சான்றிதழுக்கும் அதுவே பெயர். பெங்களூரு மல்லேஸ்வரம் ஆறாவது கிராஸில் உள்ள மாநிலத் தேர்வு வாரியம் இதை நடத்துகிறது. பாடங்கள் ஆறு, மொத்தம் 625 மதிப்பெண். முதல்மொழிக்கு 125, மற்ற ஐந்துக்கும் தலா 100. முதல்மொழியாக எட்டு மொழிகளில் ஒன்றை எடுக்கலாம். அவற்றில் தமிழும் உண்டு.

தமிழ்நாட்டிலும் இதே பெயரில் ஒரு தேர்வு நடக்கிறது. இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. மர்பி டவுன், அல்சூர், கோலார் தங்கவயல் போன்ற இடங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டுமே பழக்கம்: மகள் பெங்களூருவில் ஒன்றை எழுதுவாள், தருமபுரியிலோ வேலூரிலோ இருக்கும் மாமன் மகன் மற்றொன்றை எழுதுவான். ஒருவருக்குக் கிடைத்த சலுகை மற்றவருக்கு ஏன் கிடைக்கவில்லை என்ற கேள்வி அந்த வீடுகளில் அடிக்கடி எழும்.

பாஸ் மார்க் 35 என்பது மாறாத எல்லை என்றும், சலுகைகளெல்லாம் பிற்காலத்தில் ஓட்டுக்காகவோ இரக்கத்துக்காகவோ நுழைந்தவை என்றும் பரவலான எண்ணம் உண்டு. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. தேறியவர், தேறாதவர் என்ற பிரிவைத் தளர்த்துவதற்காகவே எஸ்.எஸ்.எல்.சி. கொண்டுவரப்பட்டது, பிரிவு பிறகுதான் அதில் வந்து ஒட்டிக்கொண்டது.

மெட்ரிகுலேஷனிலிருந்து எஸ்.எஸ்.எல்.சி. வரை

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-இல் தொடங்கப்பட்டது. உயர்நிலைப் பள்ளியை முடித்துக் கல்லூரிக்குள் நுழைய அது நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வில் தேற வேண்டும். மைசூர்ப் பல்கலைக்கழகம் 1916-இல் தோன்றும்வரை பெங்களூரு சென்ட்ரல் கல்லூரியும் மைசூரு மகாராஜா கல்லூரியும் சென்னையோடுதான் இணைந்திருந்தன. ஆகவே மைசூர் சமஸ்தானத்துப் பையன்களின் கல்லூரிக் கனவும் சென்னையின் விதிகளுக்கு உட்பட்டே இருந்தது.

ஒரு பாடத்தில் விழுந்தால் முழுத் தேர்விலும் விழுந்ததாகக் கொள்வது அந்தக் கால விதி. மெட்ரிகுலேஷனைத் தாண்டிய பிறகும் எஃப்.ஏ. என்ற கல்லூரி இடைநிலைத் தேர்வில் அது விடாமல் துரத்தியது. ஸ்ரீநிவாச ராமானுஜன் 1903-இல் மெட்ரிகுலேஷன் தேறி, கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். கணிதம் தவிர மற்றவற்றில் கவனம் செல்லாததால் உதவித்தொகை போனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எழுதியும் எஃப்.ஏ. கைகூடவில்லை. பட்டம் ஏதும் இல்லாத அவருக்கு, 1913-இல் அதே பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை தந்தது. தமிழர் அறிந்த விலக்குகளில் இதற்கு இணையானது கிடையாது. ஆனால் ஆங்கிலக் கணித அறிஞர் ஜி. எச். ஹார்டியின் கடிதப் பரிச்சயமும், ராமானுஜன் வேலை பார்த்த துறைமுகத்தின் அதிகாரிகள் தந்த பரிந்துரையும் எல்லோருக்கும் வாய்க்காது. விதியைத் தளர்த்தும் அதிகாரம் பெரிய மனிதர்களின் கடிதத்தில் இருந்த காலம் அது.

பள்ளிக்கூடம் முழுவதும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்கான பயிற்சிக் கூடமாகிவிட்டது என்ற குறை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே வலுத்திருந்தது. கல்லூரிக்குப் போகாத பையனுக்கும் பள்ளி ஒரு முடிவான படிப்பாக இருக்க வேண்டும் என்று கல்வித்துறை நினைத்தது. அப்படித்தான் மெட்ரிகுலேஷனுக்குப் பதிலாக மதராஸ் மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. திட்டம் வந்தது. அதன் முதல் பொதுத்தேர்வு 1911-இல் நடந்தது.

புதுத் திட்டத்தில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு புத்தகம் உண்டு. பள்ளியில் வாங்கிய மதிப்பெண்களும் பொதுத்தேர்வு மதிப்பெண்களும் அதில் ஏறும். பிறந்த தேதி, அப்பா பெயர், மச்சம் எங்கே இருக்கிறது என்ற அங்க அடையாளம் வரை அதில் இருக்கும். பழைய வீடுகளின் டிரங்குப் பெட்டிகளில் இன்றும் பழுப்பேறிய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகங்கள் கிடைக்கின்றன. பள்ளிப் படிப்பை முடித்ததைக் காட்டுவது ஒன்று, கல்லூரிப் படிப்புக்குத் தகுதி பெறுவது வேறொன்று என இரண்டையும் பிரித்து வைத்தது இத்திட்டத்தின் சிறப்பு. கல்லூரிக்குத் தகுதி பெறாதவருக்கும் புத்தகம் உண்டு. அதைக் காட்டி அவர் குமாஸ்தா வேலை கேட்கலாம்.

நல்ல ஏற்பாடு. ஆனால் வேலை கொடுப்பவர் அதை அந்தக் கண்ணோடு பார்க்கவில்லை. ‘தகுதி’ வந்தவனா இல்லையா என்று மட்டும் கேட்டார்கள். ஊரும் அப்படியே கேட்டது. சில தலைமுறைகளுக்குள் பாஸ், ஃபெயில் என்ற சொற்கள் வீட்டு மொழியாகிவிட்டன. ‘எஸ்.எஸ்.எல்.சி. ஃபெயில்’ என்பதையே ஒரு படிப்பாகச் சொல்லிக்கொள்ளும் வழக்கமும் தமிழ்நாட்டில் வேரூன்றியது. எட்டாவதோடு நின்றவனை விட அவன் ஒரு படி மேல் அல்லவா!

1964 முதல் 1966 வரை இயங்கிய கோத்தாரி கல்விக் குழு இதே யோசனையை மறுபடி முன்வைத்தது. பொதுத்தேர்வுச் சான்றிதழில் பாடவாரியாக மதிப்பெண் மட்டும் இருக்கட்டும், ஒட்டுமொத்தமாகத் தேறினார், தேறவில்லை என்று எழுத வேண்டாம் என்றது அது. அதன் 10+2+3 அமைப்பை மாநிலங்கள் எடுத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் 1978-இல் மேல்நிலை வகுப்புகள் வந்து, பதினோராம் வகுப்போடு முடிந்த பழைய எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்புத் தேர்வானது. சான்றிதழ் பற்றிய பரிந்துரை ஏட்டோடு நின்றது.

பெங்களூரு

பெங்களூருவில் 1809-இல் ராணுவத் தண்டு அமைந்தபின், பட்டாளத்தைத் தொடர்ந்து தமிழ் பேசும் தொழிலாளரும் வணிகரும் ஒப்பந்தக்காரரும் வந்து குடியேறினர். 1881-இல் மைசூர் அரச குடும்பத்திடம் ஆட்சி திரும்பியபோது, தண்டுப் பகுதி மட்டும் சிவில்-ராணுவ நிலையமாக ஆங்கிலேயர் கையில் தனித்து நின்றது. 1947 ஜூலை 26 அன்றுதான் அது மைசூரிடம் ஒப்படைக்கப்பட்டது. முன்பு நாக்ஸ்பேட்டை எனப்பட்ட குடியிருப்புக்கு, அந்நிலையத்தின் பொறியாளர் மர்பியின் பெயரால் மர்பி டவுன் என்ற பெயர் வந்தது. அல்சூருக்குக் கிழக்கே பழைய மதராஸ் சாலையை ஒட்டிய இப்பகுதியில் இன்றும் தமிழ் தெருமொழி.

இங்குள்ளவர்களின் கல்வி பற்றிப் பேசும்போது ராய் பகதூர் ஆற்காடு நாராயணசாமி முதலியாரைத் தவிர்க்க முடியாது. அவர் 1873-இல் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கி, 1883-இல் அறக்கட்டளை அமைத்தார். ஆர்.பி.ஏ.என்.எம். என்ற எழுத்துகளோடு அல்சூர் ஏரிக்கு அருகே அந்நிறுவனங்கள் தொடர்கின்றன. கையில் காசில்லாத தண்டுத் தமிழர் உயர்நிலைப் பள்ளியை எட்டிப் பார்க்க முடிந்ததற்கு இத்தகைய தருமப் பள்ளிகளும் மிஷன் பள்ளிகளும் காரணம்.

1956-இல் மாநில எல்லைகள் மாறியபோது, மைசூரோடு பம்பாய், ஹைதராபாத், மதராஸ் பகுதிகளும் குடகும் சேர்ந்தன. ஒவ்வொன்றும் தன் தன் பள்ளி இறுதித் தேர்வோடு வந்தது. எல்லாவற்றையும் ஒரே தேர்வின் கீழ்க் கொண்டுவரும் பணியின் முடிவாக 1966-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இடைநிலைக் கல்வித் தேர்வு வாரியம் ஏற்பட்டது. அண்மையில் பி.யு.சி. எனப்படும் மேல்நிலைத் தேர்வுகளும் அதோடு இணைக்கப்பட்டன.

இச்சான்றிதழுக்கு நகரத்தில் இவ்வளவு மதிப்பு ஏற்பட்டதற்குத் தொழிற்சாலைகளும் காரணம். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ., எச்.எம்.டி., பி.இ.எல். என்று 1940-க்கும் 1954-க்கும் இடையே எழுந்த பெரும் ஆலைகள் பெங்களூரின் கிழக்கையும் வடக்கையும் மாற்றின. ஆலைக்குள் நுழைய, அதே எழுத்துகளால் ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையப் படிப்பு வேண்டும், அதன் நல்ல பிரிவுகளுக்கு எஸ்.எஸ்.எல்.சி. வேண்டும். எட்டாவது முடித்தவருக்குத் திறந்திருந்த பிரிவுகள் சிலவே. அந்த ஆலை வேலைகள் அருகிய பிறகும் மார்க்ஸ் கார்டின் மவுசு குறையவில்லை. பிறந்த தேதிக்கு அதுவே ஆதாரம். 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின்படி, பத்தாம் வகுப்பு தேறாத தொழிலாளியின் பாஸ்போர்ட்டில் ‘குடியேற்ற அனுமதி தேவை’ என்ற குறிப்பு இருக்கும். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகுமுன் அவர் அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். தேறியவருக்கு அந்தத் தொல்லை இல்லை. டிரைவர் வேலைக்குத் துபாய் போக நினைக்கும் இளைஞர் முப்பது வயதில் டியூட்டோரியலில் சேர்ந்து கணக்குப் பேப்பரை மறுபடி எழுதுவதன் காரணம் இதுதான்.

மொழிப் பாடம்

கர்நாடகத்தில் பள்ளி இறுதித் தேர்வைப் பற்றிய மிகப் பெரிய சண்டை கணக்கைப் பற்றியதல்ல, மொழியைப் பற்றியது. எந்த மொழி முதல்மொழி, அதற்கு எத்தனை மதிப்பெண் என்பதை ஆராய 1980-இல் முதல்வர் குண்டுராவின் அரசு கன்னட எழுத்தாளர் வி. கே. கோகாக் தலைமையில் குழு அமைத்தது. உயர்நிலைப் பள்ளியில் கன்னடமே ஒரே முதல்மொழியாக, 150 மதிப்பெண்ணுக்கு இருக்க வேண்டும் என்று 1981 தொடக்கத்தில் அக்குழு பரிந்துரைத்தது. அரசு தயங்கியது. எழுத்தாளர்கள் தொடங்கிய போராட்டம், நடிகர் ராஜ்குமார் 1982-இல் களத்துக்கு வந்தபின் மாநிலம் தழுவியதாயிற்று. அந்த ஆண்டே அரசு பரிந்துரையை ஒட்டி ஆணைகள் பிறப்பித்தது.

தமிழ், உருது, தெலுங்கு, மராட்டி பேசும் சிறுபான்மையோருக்கு இதன் பொருள், இதுவரை தாய்மொழியில் வாங்கிய மதிப்பெண்ணைக் கன்னடத்தில் வாங்கிக் காட்ட வேண்டும் என்பது. மொழிச் சிறுபான்மையோர் பாதுகாப்புக் குழு வழக்குத் தொடுத்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 1989 ஜனவரியில் கன்னடத்தை ஒரே முதல்மொழியாக்கும் ஆணையைச் செல்லாது என்றது. சமத்துவ உரிமைக்கும் சிறுபான்மையோர் உரிமைக்கும் அது பொருந்தவில்லை என்பது தீர்ப்பு. அரசு அதே ஆண்டில் திருத்திய ஆணை வெளியிட்டது. உச்ச நீதிமன்றம் 1993 டிசம்பரில் அதை ஏற்றது. இன்று தமிழை முதல்மொழியாக எடுப்பவருக்குக் கன்னடம் இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ வருகிறது. வினாத்தாளும் கன்னடம், ஆங்கிலம், தமிழ் உள்ளிட்ட ஏழு மொழிகளில் அச்சாகிறது. 2015-இல் வந்த கன்னட மொழி கற்றல் சட்டம் மத்தியப் பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் கன்னடத்தைக் கட்டாயமாக்கியது.

சட்டத்தில் வென்ற உரிமையைப் பயன்படுத்துபவர் எத்தனை பேர் என்பது வேறு விஷயம். ஆங்கிலம் முதல்மொழி, கன்னடம் இரண்டாவது, இந்தி மூன்றாவது என்ற வரிசைதான் தனியார் பள்ளிகளில் பரவலானது. அதில் தமிழுக்கு இடமே இல்லை. தமிழ்ப் பிள்ளை தமிழ் எடுக்காததற்கு எந்த அரசாணையும் தேவைப்படவில்லை; பக்கத்தில் தமிழ் வழிப் பள்ளி இல்லாததும், வேலைக்கு ஆங்கிலம் வேண்டும் என்ற கணக்குமே போதுமாயிருந்தன. அல்சூர் ஏரிக்கரையில் 1950 முதல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் இயங்கியும் இந்தப் போக்கு மாறவில்லை.

எல்லையின் அந்தப் பக்கம் இதே கதை தலைகீழாக நடந்தது. தமிழ்நாடு 2006-இல் தமிழ் கற்றல் சட்டம் இயற்றியது. ஒன்றாம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறிய கட்டாயத் தமிழ், 2015-16 கல்வியாண்டில் பத்தாம் வகுப்பை எட்டியது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் கன்னடம், தெலுங்கு படித்த பிள்ளைகள், வேலூர் வட்டாரத்தில் உருது படித்த பிள்ளைகள் எல்லோரும் தமிழ்த் தாளில் தேற வேண்டியதாயிற்று. தமிழ் கற்பிக்கப் போதிய ஆசிரியரே தராமல் தமிழில் தேர்வு வைப்பது எப்படி என்று அவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். சென்னை உயர் நீதிமன்றம் அவர்களுக்கு ஆண்டு வரையறையோடு விலக்கு தந்துவந்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அவ்வாண்டுத் தேர்வுக்கும் அதை நீட்டித்தது. மர்பி டவுனிலிருந்து ஓசூர் நாற்பது கிலோமீட்டர்தான். இங்கே தமிழர் கேட்டதை அங்கே கன்னடர் கேட்டார்கள். இரு அரசுகளும் தத்தம் மொழிக்காகச் சொன்ன வாதம் கிட்டத்தட்ட வரிக்கு வரி ஒன்று.

மாற்றுத்திறனாளி மாணவர்

விலக்கு என்ற சொல்லுக்கு முழுப் பொருள் கிடைப்பது இங்கேதான். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, தேர்வில் கூடுதல் நேரம், எழுதுவதற்கு உதவியாளர், இரண்டாம் மூன்றாம் மொழிகளிலிருந்து விலக்கு ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதற்கு முன்பும் மாநிலங்கள் தனித்தனி ஆணைகளால் இவற்றைச் செய்துவந்தன. கற்றல் குறைபாடுள்ள மாணவருக்கான சலுகைகளை மகாராஷ்டிரம் 1990-களிலேயே தந்தது. சென்னையில் 1992-இல் தொடங்கிய மதராஸ் டிஸ்லெக்சியா சங்கம், எழுத்துகள் இடம் மாறித் தெரியும் பிள்ளையைச் சோம்பேறி என்று அடித்துக்கொண்டிருந்த ஆசிரியர்களுக்கு விஷயத்தை விளக்கியது.

தேர்வு அறையில் இது எப்படி இருக்கும்? மத்திய அரசின் நெறிமுறைப்படி மணிக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் உண்டு. மூன்று மணி நேரத் தாளுக்கு இது ஒரு மணி நேரம். எழுதிக்கொடுப்பவர், தேர்வு எழுதுபவரை விடக் கீழ் வகுப்பில் படிப்பவராக இருக்க வேண்டும். எனவே பத்தாம் வகுப்பு மாணவி சொல்லச் சொல்ல எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் பிள்ளை எழுதும். தனி அறை, தனிக் கண்காணிப்பாளர். ‘சமபக்க முக்கோணம் வரை, ஏ பி சி என்று குறி’ என்று ஒருவர் சொல்ல, அதுவரை அந்தப் பாடத்தைக் கண்ணாலும் பார்த்திராத மற்றவர் தடுமாறி வரைவதைப் பார்த்த கண்காணிப்பாளர்கள் உண்டு. கூடுதல் நேரத்தில் பாதி எழுத்துக்கூட்டிச் சொல்வதிலேயே போய்விடும். பார்வையற்ற மாணவர் கணிதம், அறிவியலுக்குப் பதில் வேறு பாடங்கள் எடுக்கவும், செவித்திறன் குறைந்தவர் மொழித்தாள்களைக் குறைத்துக்கொள்ளவும் கர்நாடகத்தில் வழி இருக்கிறது.

விலக்கு தானாக வருவதில்லை. பள்ளித் தலைமையாசிரியர் மூலம், மருத்துவச் சான்றோடு, ஹால் டிக்கெட் வருவதற்கு வெகு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். இந்த வகையில் பெங்களூரு மாணவருக்கு நிமான்ஸ் போன்ற மனநல, நரம்பியல் நிறுவனம் நகரத்திலேயே இருப்பது அதிர்ஷ்டம். மர்பி டவுனுக்கு அடுத்த இந்திராநகரில் 1982 முதல் கர்நாடக ஸ்பாஸ்டிக் சங்கம் இயங்குகிறது. ஆயினும் அரசுப் பள்ளியில் படிக்கும் கூலித் தொழிலாளியின் மகனுக்கு டிஸ்லெக்சியா இருந்தால் அது கண்டுபிடிக்கப்படுவதற்குள் அவன் இரண்டு முறை ஃபெயிலாகி வேலைக்குப் போயிருப்பான். கட்டணப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலேயே சோதனை நடந்துவிடும். சட்டம் ஒன்றுதான், எட்டும் தூரம் வேறு. எழுதுபவரின் குறை சட்டப் பட்டியலில் உள்ள அளவை எட்டாவிட்டாலும் உதவியாளர் தரலாம் என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விகாஷ் குமார் வழக்கில் தீர்ப்பளித்தது. அது குடிமைப் பணித் தேர்வு பற்றிய வழக்கு என்றாலும் பள்ளித் தேர்வுகளுக்கும் அதன் வெளிச்சம் விழுந்தது.

பெருந்தொற்று

கொரோனா பரவலால் 2020 ஜூன் 9 அன்று தமிழ்நாட்டு முதல்வர் எடப்பாடி பழனிசாமி பத்தாம் வகுப்புத் தேர்வை ரத்து செய்தார். காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளுக்கு 80 விழுக்காடு, வருகைப் பதிவுக்கு 20 விழுக்காடு என்று மதிப்பெண் போட்டு எல்லோரும் தேறியதாக அறிவிக்கப்பட்டது. தெலங்கானாவும் அதையே செய்திருந்தது. கர்நாடகமோ பிடிவாதமாக நின்றது. கல்வி அமைச்சர் எஸ். சுரேஷ் குமார், ஜூன் 25-இல் தேர்வைத் தொடங்கியே விட்டார். எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் முகக்கவசத்தோடு வாசலில் காய்ச்சல் சோதித்துக்கொண்டு உள்ளே போனார்கள். அடைக்கப்பட்ட பகுதியில் மாட்டி எழுத முடியாதவர், துணைத் தேர்வில் முதல் முறையாக எழுதுபவராகவே கருதப்படுவார் என்பது அன்று தரப்பட்ட சலுகை. தேறியோர் 71.80 விழுக்காடு.

ஒரே ஜூன் மாதத்தில் ஓசூர்ப் பையன் வீட்டிலிருந்தபடியே தேறினான். அல்சூர்ப் பையன் தேர்வறையில் உட்கார்ந்தான். இரண்டில் எது சரி என்று அப்போது பெற்றோர்கள் சண்டையிட்டார்கள். தமிழ்நாட்டின் முடிவில் ஒரு பெரிய ஓட்டை இருந்தது: தனித்தேர்வர்களுக்கு ‘ஆல் பாஸ்’ இல்லை. ஏற்கெனவே விழுந்து எழுந்து, வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர்கள் செப்டம்பரில் தேர்வு எழுதத்தான் வேண்டியிருந்தது. நோய் அவர்களை மட்டும் தொடாது போலும்.

அடுத்த ஆண்டு கர்நாடகமும் இறங்கி வந்தது. 2021 ஜூலை 19, 22 ஆகிய இரு நாட்களில் மட்டும் தேர்வு. ஒரு நாளில் மூன்று பாடம், பாடத்துக்கு 40 மதிப்பெண், விடையைத் தேர்ந்து வட்டத்தை நிரப்பும் ஓ.எம்.ஆர். தாள். யாரையும் ஃபெயிலாக்குவதில்லை என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. ஆள்மாறாட்டத்துக்காக ஒருவரின் முடிவு மட்டும் மறுக்கப்பட்டது. மற்ற அனைவரும் தேறினர். தேர்வு நடத்துவதும் தேறச் செய்வதும் இரு வேறு காரியங்கள் என்பதை வாரியம் தன் கையாலேயே காட்டியது.

கருணை மதிப்பெண்

ஓரிரு மதிப்பெண்ணில் தவறுபவரைத் தூக்கிவிடும் வழக்கம் வாரியங்களில் நெடுநாளாக இருப்பது. கர்நாடகத்தில் மொத்தம் 35 விழுக்காடு, அதாவது 625-க்கு 219 எடுத்து, சில பாடங்களில் மட்டும் தவறியவருக்குக் கருணை மதிப்பெண் கிடைத்துவந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் அதன் அளவு 10 விழுக்காடாக உயர்ந்தது. தொற்று போன பிறகும் அது போகவில்லை.

பிரச்சினை 2024-இல் வெடித்தது. அந்த ஆண்டு எல்லாத் தேர்வறைகளிலும் கேமரா வைத்து நேரலையில் கண்காணித்தார்கள். பிட் அடிப்பது, சொல்லிக்கொடுப்பது எல்லாம் அடங்கின. விடைத்தாள் திருத்தியபோது தேறுவோர் பாதியைச் சற்றே தாண்டுவார்கள் என்று தெரிந்தது. முந்தைய ஆண்டு 83.89 விழுக்காடு தேறிய மாநிலம் இது! வாரியம் அவசரமாகக் கருணை மதிப்பெண்ணை 20 விழுக்காடாக்கி, அதைப் பெறுவதற்கான தகுதி மதிப்பெண்ணை 35-இலிருந்து 25 விழுக்காடாக இறக்கியது. அதன் பிறகே 73.40 விழுக்காடு வந்தது. உடுப்பி 94 விழுக்காட்டோடு முதலிடம், யாதகிரி 50-ஐ ஒட்டிக் கடைசி. முதல்வர் சித்தராமையா அதிகாரிகளைக் கடிந்துகொண்டார். மறு ஆண்டு கருணை மதிப்பெண் கைவிடப்பட்டு, தேர்ச்சி விழுக்காடும் சரிந்தது.

கேமரா வைத்ததால் தேர்ச்சி குறைந்தது என்றால், முந்தைய ஆண்டுகளில் தேறியவர்களுக்குக் கிடைத்ததும் ஒரு வகை விலக்குதானே? அரசாணை இல்லாத விலக்கு. கண்காணிப்பு எங்கே தளர்வாயிருந்ததோ அங்கே படித்தவருக்கு அது கிடைத்தது. யாதகிரியில் ஆசிரியர் பணியிடங்களை நிரப்பாமல் கேமராவை மட்டும் நிரப்புவது முறையா என்று அப்போது எழுந்த கேள்விக்குச் சரியான பதில் வந்ததாகத் தெரியவில்லை.

அதே 2024-இல் நடந்த இன்னொரு மாற்றம் இந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று. அந்த ஆண்டு மூன்று தேர்வு: மார்ச்-ஏப்ரலில் முதலாவது, ஜூனில் இரண்டாவது, ஆகஸ்டில் மூன்றாவது. மூன்றில் எதில் அதிகமோ அந்த மதிப்பெண் நின்றது. ‘சப்ளிமென்டரி’ என்ற முத்திரை ஒழிந்தது. கருணை மதிப்பெண்ணை விட இதுவே கண்ணியமான ஏற்பாடு என்று சொல்லலாம். தவறியவன் தன் கையால் எழுதித் தேறுகிறான், ஓராண்டும் வீணாவதில்லை.

கீழ் வகுப்புகளில் இதற்கு எதிரான இழுவையும் நடந்தது. கல்வி உரிமைச் சட்டம் 2009, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையும் வாரியத் தேர்வில் தேற வேண்டியதில்லை என்று சொல்லியிருந்தும், கர்நாடகம் 5, 8, 9, 11-ஆம் வகுப்புகளுக்கு மாநில அளவில் தேர்வு வைத்தது. 2024 மார்ச்சில் உயர் நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி தடுக்க, அமர்வு அனுமதிக்க, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் முடிவுகளை நிறுத்திவைத்தது. ஒரே பிள்ளை ஒரு மாதத்தில் தேர்வு உண்டு, இல்லை, உண்டு என்று மூன்று முறை கேட்டது.

பிற நாடுகளில்

இலங்கையில் சாதாரண தரம் தேறாதவர் உயர்தரத்துக்குப் போக முடியாது என்ற நிலையைத் தளர்த்தி, 13 ஆண்டு உத்தரவாதக் கல்வித் திட்டம் 2017-இல் தொழிற்பிரிவு ஒன்றைத் திறந்தது. மலேசியாவில் எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய் மொழியிலும், 2013 முதல் வரலாற்றிலும் தேறியே ஆக வேண்டும். சிங்கப்பூரில் தாய்மொழிப் பாடத்திலிருந்து விலக்கோ எளிதாக்கிய பாடத்திட்டமோ பெறலாம்; அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சிலவும் அதைக் கேட்கின்றன. அமெரிக்காவில் கலிஃபோர்னியா 2006-இல் கட்டாயமாக்கிய பள்ளி வெளியேறும் தேர்வை 2015-இல் நிறுத்திவைத்து, அதில் மட்டும் தவறியிருந்த பழைய மாணவர்களுக்கும் பட்டயம் வழங்கியது. மாசசூசெட்ஸில் 2024 நவம்பரில் மக்களே வாக்களித்து அத்தகைய தேர்வின் கட்டாயத்தை நீக்கினார்கள். தேர்வு வாரியம் தீர்மானிப்பதை வாக்குச்சீட்டு தீர்மானிப்பது நம் பக்கத்தில் நினைத்துப் பார்க்க முடியாதது. இங்கே அந்த வேலையை நீதிமன்றம் செய்கிறது.

தற்போதைய நிலை

2025 அக்டோபரில் கல்வி அமைச்சர் மது பங்காரப்பா, எஸ்.எஸ்.எல்.சி., இரண்டாம் பி.யு.சி. இரண்டுக்கும் தேர்ச்சி மதிப்பெண் 35-இலிருந்து 33 விழுக்காடாகக் குறைக்கப்படும் என்று அறிவித்தார். மத்திய வாரியத்திலும் வேறு பல மாநிலங்களிலும் இதே அளவுதான் என்பது சொல்லப்பட்ட காரணம். எஸ்.எஸ்.எல்.சி.யில் 625-க்கு 206 எடுக்க வேண்டும், அகமதிப்பீட்டையும் சேர்த்து ஒவ்வொரு பாடத்திலும் 30 விழுக்காடு வர வேண்டும். ஒரு பாடத்தில் 30 விழுக்காடு மட்டும் எடுத்தவர் மற்றவற்றில் அதை ஈடுகட்டலாம் என்பதுதான் இதில் புதுமை. இரண்டு விழுக்காடு இறங்கியதைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். 2025-26 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த இவ்விதி, பள்ளி மாணவருக்கும் மறுமுறை எழுதுவோருக்கும் தனித்தேர்வருக்கும் ஒன்றாகவே பொருந்தும்.